முடியோடு பதப்படுத்தும் தோல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

முடியோடு பதப்படுத்துகிற தோலில் கோளாறு தெரியும் கட்டம் ஒன்று, அது உண்டான கட்டம் வேறொன்று. எண்ணெய் போட்டு நீவும்போது முடி கழன்றால் எல்லாரும் எண்ணெயைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் அந்தத் தோல் உரித்த அன்றைக்கே, உப்பு படாமல் சாக்குக்குள் கிடந்து கெட்டிருக்கும். அதனால் ஒவ்வொரு கோளாறையும் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அறிகுறியில் தொடங்கி, எங்கே பிசகியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறோம்.

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் கிடைக்கும் வெள்ளாடு, செம்மறி, பண்ணை முயல் மூன்றின் தோலுக்கும் இது பொருந்தும். நம் பக்கத்துச் செம்மறிக்கு, வாடிப்பட்டிப் பகுதிக் கச்சைக்கட்டிக் கருப்பானாலும் வேம்பூர் ஆடானாலும், கம்பளி கிடையாது, குட்டை முடிதான். மென்மையும் அடர்த்தியும் வேண்டுமென்றால் முயல்தான். கொடைக்கானல் மலை மேலே மன்னவனூரில் முயலும் செம்மறியும் வளர்த்து ஆராயும் மத்திய அரசு நிலையம் அமைந்ததற்கு அங்குள்ள குளிர் முக்கியமான காரணம். முடி நெருக்கமாக வளர்வதற்கும் குளிர் வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். காட்டு முயல், மான், கீரி எதன் தோலும் கையில் இருக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அடுத்தது, காரணம் தெரியாமல் திடீரென்று செத்த ஆட்டை உரிக்கவே கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருப்பு ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். உரித்தால் கிருமி காற்றுப் பட்டுக் கெட்டி ஓடுள்ள வித்தாக (ஸ்போர்) மாறி மண்ணில் பல ஆண்டு கிடக்கும், உரித்தவருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

சரியான வரிசையும் அளவும்

கோளாறு எதில் என்று ஒப்பிட ஒரு சரியான அளவு கையில் இருக்க வேண்டும். பச்சைத் தோலை எடை போட்டு, கிலோவுக்கு 400 முதல் 500 கிராம் உப்பு. மறுநாள் வடிந்த ஈரத்தோடு பழைய உப்பை உதறிவிட்டு, புது உப்பு அதில் பாதி. ஊறவைக்க, லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீர். பிறகு சதை சுரண்டல். பிறகு லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி திரவச் சோப்பில் அலசல்.

அமில ஊறலுக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு, 85 சதவீத ஃபார்மிக் அமிலம் 5 மில்லி. உப்பை முழுதாகக் கரைத்த பிறகுதான் அமிலம். அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் தனியே கலந்து ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். புளிப்பை அளக்கும் பிஎச் காகிதத்தில் 2.5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். முயலுக்கு ஒரு நாள், ஆட்டுக்கு இரண்டு மூன்று நாள். வெளியே எடுத்து வடித்து, லிட்டருக்கு 40 கிராம் உப்புள்ள தண்ணீரில் போட்டு, ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி பிஎச் 4-க்குக் கொண்டுவர வேண்டும்.

பதனிட 4 லிட்டர் தண்ணீரில் 450 கிராம் படிகாரம் ஒரு வாளியில். இன்னொரு பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர், 225 கிராம் உப்பு, சலவை சோடா. சோடா கட்டியாக, கண்ணாடிக் கல் போல இருந்தால் 110 கிராம். உலர்ந்த வெள்ளைத் தூளாக இருந்தால் 40 கிராம் போதும், ஏனென்றால் கட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சோடாக் கரைசலை நூல் போல மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே படிகாரத்தில் சேர்க்க வேண்டும். மைதா போட்டுக் கூழாக்கி, தோலின் சதைப்புறம் மட்டும் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, ஈரத்துணியால் மூட வேண்டும். மறுநாள் சுரண்டி எடுத்து அடுத்த பூச்சு. முயலுக்கு இரண்டு, ஆட்டுக்கு மூன்று பூச்சு. கடைசிப் பூச்சு மூன்று நான்கு நாள் இருக்கட்டும். அதன் பிறகு லிட்டருக்கு 7 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, வெறும் தண்ணீரில் ஒரு தடவை. அதற்கு மேல் அலசல் வேண்டாம்.

இனிக் கோளாறுகள்.

முடி கொத்தாகக் கையோடு வருகிறது

இதுதான் பெரிய நஷ்டம். இதில் நாலு வகை உண்டு. முடி எங்கிருந்து, எப்படி வருகிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

முதலில் வயிறு, தொடை இடுக்கு, காதடி மூன்றிலும் இரு விரலால் ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கே மட்டும் முடி எளிதாக வந்து, வேரோடு ஒட்டி மெல்லிய வழவழப்பான மேல்தோலும் சேர்ந்து வந்தால் அது அழுகல். அந்த இடத்துச் சதைப்புறம் பச்சை ஓடியிருக்கும், மோந்தாலே தெரியும். குடல் சூடு நேராகப் படுகிற இடம் வயிறு. முடி வேர் இருக்கும் குழியைத்தான் கிருமி முதலில் தின்னும். சித்திரை, வைகாசி வெயிலில் உரித்த இரண்டு மணி நேரத்துக்குள் உப்பு படவில்லையென்றால் இந்த ஆபத்து உண்டு. பாண்டி கோவில் கிடாவெட்டு நாளிலும் பக்ரீத்திலும் வருகிற தோல்களில் இதுதான் அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுடச்சுட அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, மாலையில்தான் உப்பைப் பார்க்கும். உரித்தவுடன் தோலை ஈரத் தரையிலோ கல்லிலோ சதைப்புறம் மேலாக விரித்துச் சூடு தணித்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் உப்பைத் தேய்க்கச் சொல்லுங்கள். சுருண்டு கிடக்கும் ஓரம், கால் நுனி, கழுத்து மடிப்பு எல்லாவற்றையும் விரித்து விரித்துத் தேய்க்க வேண்டும். உப்பு தொடாத ஒரு மடிப்பு போதும், அங்கிருந்து பரவும்.

இப்படிக் கெட்ட தோலுக்கு முடியோடு மறுவாழ்வு இல்லை. படிகாரமோ அமிலமோ வேரை மறுபடி பிடிக்க வைக்காது. கழுத்தும் முதுகும் உறுதியாக இருந்தால் வயிற்றை வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் எடுக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே உப்புப் போட்டுத் திண்டுக்கல் தோல் ஷாப்புக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) அனுப்பிவிடுவது நல்லது. அங்கே எப்படியும் சுண்ணாம்பில் முடியை எடுத்துவிட்டுத்தான் பதனிடுவார்கள், அதனால் மேல்தோல் கெடாத அளவுக்கு விலை கிடைக்கும்.

இரண்டாவது வகை: உப்பிலிருந்து எடுத்தபோது நன்றாக இருந்தது, ஊறிய பிறகு உடம்பு முழுக்கத் தளர்ந்துவிட்டது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்திருக்கும், அல்லது உப்பில்லாத தண்ணீரில் ராத்திரி முழுக்க விட்டிருப்பீர்கள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் 35 டிகிரியைத் தாண்டும். அதில் தோல் ஊறக் கூடாது. பானைத் தண்ணீர் அல்லது விடிகாலைத் தண்ணீர் எடுங்கள். உப்பு போட்ட ஈரத்தோலுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் போதும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். தளர்வு லேசாக இருக்கும்போதே கண்டால், ஊறலை அப்படியே நிறுத்தி உடனே அமிலத் தண்ணீருக்கு மாற்றுங்கள். அமிலத்தில் கிருமி வளராது. இன்னும் கழலாத முடி பெரும்பாலும் நின்றுவிடும்.

மூன்றாவது: முடி மேலே இழுத்தால் வரவில்லை, ஆனால் சதைப்புறத்தில் கருப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, அந்த இடத்தில் தடவினால் முடி உள்பக்கமாக உருவிக்கொண்டு வருகிறது. சுரண்டல் ஆழம் போய்விட்டது, கத்தி வேரை அறுத்துவிட்டது. ஆட்டுக்கு முதுகெலும்புத் தடத்தில் அழுத்தலாம், விலாவில் கூடாது. முயலுக்குக் கூர்க்கத்தியே வேண்டாம். தோல் ஊறியதும் சதைச் சவ்வின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அது வால் பக்கமிருந்து தலை பக்கம் ஒரே தகடாக உரிந்து வரும்.

நாலாவது முயலுக்கே உரியது. தோல் உறுதி, வாடை இல்லை, ஆனால் அங்கங்கே முடி தளர்ந்து உதிர்கிறது. கெட்டுப்போகவில்லை, அந்த முயல் முடி மாற்றிக்கொண்டிருந்த சமயம். நிற முயலில் சதைப்புறத்தைப் பார்த்தால் முடி புதிதாக முளைக்கும் இடமெல்லாம் நீலக் கருப்புத் திட்டாக இருக்கும். முடி முதிர்ந்த தோல் சதைப்புறம் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும். வெள்ளை முயலில் இந்தத் திட்டு தெரியாது, முடியை ஊதிப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கறிக்காக மூன்று மாதத்தில் அறுக்கும் குட்டியின் தோலை மென்முடிக்கு எடுப்பது வீண் வேலை. ஐந்தாறு மாதம் தாண்டிய முயலை, மார்கழி தை குளிரில் எடுத்த தோல்தான் நிற்கும்.

உப்புத் தோலில் சிவப்பு, ரோஸ் திட்டு

உப்பு போட்ட சில நாளில் சதைப்புறம் செம்மண் தடவியது மாதிரி சிவந்தால், உப்பிலேயே வாழும் கிருமி வேலையைத் தொடங்கிவிட்டது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் காய்கிற கல்லுப்பில் இது இயல்பாகவே இருக்கும். குறைந்த உப்பால் வருவதில்லை, சூடும் ஈரமும் சேர்ந்தால் வரும். ஒரு தோலில் பயன்படுத்திய உப்பை அடுத்ததுக்கு அள்ளிப் போடுகிற பழக்கம் இருந்தால் கட்டாயம் வரும். காசு மிச்சம் என்று நினைப்பது தோல் முழுவதையும் தின்றுவிடும்.

வெறும் சிவப்பு, கையில் தேய்த்தால் போகிறது என்றால் பயமில்லை: உதறி, உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, புது உப்போடு கிலோவுக்கு 10 கிராம் சலவை சோடாத் தூளும் 10 கிராம் பொடித்த நாப்தலீனும் கலந்து போட்டு, நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சிவப்பு போன இடம் சொரசொரவென்று நார் நாராக இருந்தால் தோல் அரிக்கப்பட்டுவிட்டது. அது இனி உறுதி வராது.

உப்பு போட்டும் நாற்றம் நிற்காமல், அடியில் குழகுழவென்று சிவந்த தண்ணீர் நின்றால் காரணம் பாத்திரம். வாளியிலோ பிளாஸ்டிக் பையிலோ உப்புத் தோலை அடைக்கக் கூடாது. சாய்வான பலகையில் சதைப்புறம் சதைப்புறத்தோடு சேர அடுக்கி, வடிய விட வேண்டும்.

ஊறியும் சில இடம் கட்டையாகவே இருக்கிறது

தோலை மொட்டை மாடித் தளத்திலோ தகரத்திலோ காயப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் சதைப்புறம் வெந்து பசையாகிப் பளபளவென்று மூடிக்கொள்ளும். உள்ளே காயாமல் அழுகும். ஊறும்போது அந்த இடம் கொப்புளம் போல எழும்பினால் உள்ளடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அதை வெட்டத்தான் வேண்டும். கொப்புளம் இல்லாமல் விறைப்பு மட்டும் என்றால், உப்புத் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லி திரவச் சோப்பு சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து மழுங்கிய கத்தியால் அந்த இடத்தை மட்டும் நீவி மறுபடி போடுங்கள். முழுத் தோலும் ஒரே மாதிரி மடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ஊறாத இடத்தில் அமிலமும் ஏறாது, படிகாரமும் ஏறாது.

அலசிய முடி பிசுபிசு, சாம்பல் நிறம்

சட்டைச் சோப்பில் கழுவினால் இப்படித்தான் ஆகும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல ஊரில் கடினத் தண்ணீர். கட்டிச் சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் சோப்பு போட்டால் இன்னும் ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவச் சோப்புக்கு மாறி, கடைசி அலசலில் லிட்டருக்கு 10 மில்லி வெள்ளை வினிகர் சேர்த்தால் பிசுபிசுப்பு விட்டுவிடும். முயல் முடியைக் கசக்காமல் ஒரே திசையில் அமுக்கி அமுக்கி அலச வேண்டும். கசக்கினால் முடி சிக்குண்டு திரண்டுவிடும், அப்புறம் சீப்பால் பிரிக்க முடியாது. நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் சிக்கியிருந்தால் ஈரத்தில் இழுக்காமல் காய்ந்த பிறகு எடுங்கள்.

கொழுத்த செம்மறித் தோலில் அலசலுக்குப் பிறகும் எண்ணெய் வாடை வந்தால், கொழுப்பு தோலுக்குள்ளேயே இருக்கிறது. சுரண்டல் சரியில்லை. திரும்பச் சுரண்டி, 35 டிகிரி வெந்நீரில் சோப்போடு பத்து நிமிடம். அதற்கு மேல் சூடும் நேரமும் கூடாது.

அமிலத்தில் தோல் உப்பி வழுக்குகிறது

உப்பு குறைவு. லிட்டருக்கு 60 கிராமுக்குக் கீழே போனால் அமிலம் தோலுக்குள் தண்ணீரை இழுத்து ஊதிவிடும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், ரப்பர் போல விரலுக்கு வழுக்கும். கண்ட உடனே தோலை வெளியே எடுத்து, ஊறலில் லிட்டருக்கு 40 கிராம் உப்பைக் கரைத்து மறுபடி போடுங்கள். சில மணி நேரத்தில் இறங்கினால் பிழைத்தது. ஒரு ராத்திரி உப்பிக் கிடந்த தோல் காய்ந்தபின் தளதளவென்று பலமில்லாமல் போகும்.

படிகாரக் கரைசல் பால் போலத் திரிந்து அடியில் வெள்ளை வண்டல் தங்கினால் சோடா வேகமாக ஊற்றப்பட்டது, அல்லது தூள் சோடாவைக் கட்டிக் கணக்கில் போட்டுவிட்டீர்கள். அந்த வண்டல் தோலுக்குள் போகாது. கலங்கல் லேசாக இருந்தால் கொஞ்சம் வினிகர் விட்டுக் கிளறினால் தெளியும். தயிராகத் திரண்டிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

காய்ந்ததும் அட்டை போல விறைக்கிறது

பெரும்பாலோர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கைவிட வேண்டிய தோல் இதில் ரொம்பக் குறைவு. காரணத்தைப் பிரிக்க ஒரு சோதனை: கழுத்தோரத்தில், கனமான இடத்தில், ஒரு நெல்லளவு வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகப் பளபளக்கும் கோடு இருந்தால் படிகாரம் உள்ளே எட்டவில்லை. அது பச்சைத் தோல். உப்புத் தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, கனமான இடத்தைச் சுரண்டி மெலிதாக்கி, இன்னும் ஒரு பூச்சு. வெட்டுமுகம் முழுக்கப் பால் வெள்ளையாக இருந்தால் பதம் சரி. குறை எண்ணெயிலோ நீவுவதிலோ.

எண்ணெய்க்கு டர்க்கி ரெட் ஆயில், அதாவது கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்திய ஆமணக்கெண்ணெய், ஒரு பங்கு. 45 முதல் 50 டிகிரி வெந்நீர் மூன்று பங்கு. வெறும் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தண்ணீரில் கலக்காது, மேலேயே நின்று முடிக்கு ஊறும். ஒரு வெள்ளாட்டுத் தோலுக்கு 50 மில்லி எண்ணெய், முயலுக்கு 15 மில்லி. சதைப்புறம் மட்டும் தடவி, சதைப்புறம் உள்ளே இருக்க மடித்து ஒரு ராத்திரி வைக்க வேண்டும்.

நீவுவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. தோலை நிழலில் விரித்துக் கட்டி, தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஆனால் பிழிந்தால் தண்ணீர் வராத பக்குவத்துக்குக் காத்திருங்கள். அப்போது இரு கையால் ஒரு இடத்தை இழுத்தால் சாம்பல் நிறம் போய் அங்கே பளிச்சென்று வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு விழத் தொடங்குவதுதான் வேளை. மழுங்கிய இரும்புப் பட்டையின் மேல் அல்லது மர நாற்காலியின் முதுகு விளிம்பில் சதைப்புறத்தை நாலு திசையிலும் இழுத்து இழுத்துத் தேயுங்கள். அரை மணி நேரம் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி. முழுக்கக் காயும் வரை. நம் ஊர்க் கோடைக் காற்றில் இந்தப் பக்குவம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். வெளியே வேறு வேலை இருக்கிற நாளில் தோலை விரிக்காதீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் எடுக்கலாம். வேளை தவறிக் காய்ந்துவிட்டாலும் சதைப்புறத்தில் ஈரத்துணி போட்டு ராத்திரி வைத்தால் மறுபடி பக்குவத்துக்கு வரும். தண்ணீரில் முக்க வேண்டாம், படிகாரம் கரைந்து வெளியேறும்.

முடி மங்கலாக இருந்தால் நிறம் இறங்காத காய்ந்த மரத்தூளைச் சூடாக்கி முடிக்குள் தேய்த்து உதறுங்கள். அழுக்கும் மிச்ச எண்ணெயும் அதோடு போய்விடும்.

வைத்திருக்கும்போது வருகிறவை

ஐப்பசி மழையில் தோல் வேர்த்து ஈரமானால், உள்ளே உப்பு மிச்சம் இருக்கிறது. வெங்காரத் தண்ணீர் அலசலைச் சுருக்கமாகக்கூடச் செய்யவில்லை. சதைப்புறத்தை ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, மறுபடி எண்ணெய் தடவி நீவ வேண்டும். சில மாதம் கழித்துத் தோல் காகிதம் போலக் கிழிந்தால் அமிலம் உள்ளே தங்கிவிட்டது, இதற்கு மருந்தில்லை. ஆப்ப சோடா போடும் கட்டத்தில் பிஎச் காகிதத்தைப் பார்க்காமல் கண்மதிப்பில் விட்டதன் விளைவு இது. துரு நிறத்திலோ கருப்பாகவோ புள்ளி விழுந்தால் இரும்பு: துருப்பிடித்த வாளி, ஆணி, கத்தித் துகள். ஆவாரம்பட்டை, கடுக்காய் பட்ட தோலில் இது நீலக் கருப்பாக விழும்.

தோலின் அடியில் தவிடு மாதிரித் தூள், அங்கங்கே சிறு துளை, மயிர் முளைத்த பழுப்புப் புழு என்றால் தோல் வண்டு வந்துவிட்டது. அந்தத் தோலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, வெயிலில் உதறி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள்; எடுத்து ஒரு நாள் வெளியே வைத்து, மறுபடி ஒரு வாரம். முதல் தடவை தப்பிய முட்டை இரண்டாவதில் சாகும். அடுக்கும் பெட்டியில் நாப்தலீன் போடுங்கள். காய்ந்த வேப்பிலை மட்டும் போதாது. மாதம் ஒருமுறை எல்லாத் தோலையும் எடுத்து, முடிப்புறம் தட்டி, ஓரங்களை விரித்துப் பாருங்கள்.

ஊறல் தண்ணீரையும் அமிலத் தண்ணீரையும் வயலிலோ கண்மாயிலோ ஊற்றக் கூடாது. தோல் ஷாப்பு உப்புத் தண்ணீரால் திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணறுகள் உவர்த்துப்போனது எல்லாருக்கும் தெரிந்தது. அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு முறித்து, உப்புத் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் வெயிலில் வற்ற விட்டு, அடியில் மிஞ்சும் உப்பை அள்ளித் தனியே மூட்டை கட்டிவிடுங்கள். அந்த உப்பை மறுபடி எந்தத் தோலுக்கும் போடாதீர்கள்.